நான்கில் இரண்டு

சலவைக்கூடத்தில் அவளுக்கு வெந்நீர் என்று பெயர். பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரியின் விரிப்புகளுக்கும் தலையணை உறைகளுக்கும் இஸ்திரி போடுகிறாள். ஓர் உறை வார்டு மாறி வந்தாலும் மூட்டையையே பிரித்துப் போட்டுக் கத்துவாள். கத்தலில் நியாயம் இருப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அவள் நகர்ந்த பிறகு சிரிப்பார்கள்.

இஸ்திரிப் பகுதியில் மூன்று பேர்: வெந்நீர், நெட்டை, எந்நேரமும் எதையாவது முணுமுணுக்கும் பாட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி வந்தால் போதும். யார் என்பதைச் சனிக்கிழமை மதியம் சூப்பர்வைசர் இரண்டு காசுகளைச் சுண்டி முடிவு செய்வார். இரண்டும் தலை விழுந்தால் நெட்டை. இரண்டும் பூ என்றால் பாட்டுக்காரி. ஒன்று பூ, ஒன்று தலை என்றால் வெந்நீர்.

"மூணு பேரு, மூணு விதம். என்மேல யாரும் பழி போட முடியாது" என்பார்.

கடைசிப் பதினாறு ஞாயிறுகளில் ஒன்பது வெந்நீருக்கு விழுந்தன. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளை ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் பார்க்கலாம். "வரலைன்னா முன்னாடியே சொல்லிடும்மா. எல்லாரும் போற வரைக்கும் கேட்டுல நிக்கறது அசிங்கமா இருக்கு" என்றாள் மகள் போனில். அதை வெந்நீர் சொன்னபோது சூப்பர்வைசர் உச்சுக்கொட்டினார்.

"உன் தலையெழுத்தும்மா. நான் என்ன செய்ய?"

அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. அவளுக்கு விழுந்த அந்த ஒன்பதாவது ஞாயிறு, இயந்திரம் சூடேறும்வரை தனியே உட்கார்ந்து அவளே இரண்டு காசுகளைச் சுண்டிப் பார்த்தாள். எது எதுவென்று தெரியவில்லை. விரிப்புகளில் வார்டு எண் எழுதும் அழியாத மையால் ஒன்றில் புள்ளி வைத்தாள். விழுவதையெல்லாம் ஒரு சீட்டின் பின்புறம் எழுதினாள். புள்ளிக்காசு தலை, மற்றதும் தலை. புள்ளிக்காசு பூ, மற்றதும் பூ. புள்ளிக்காசு தலை, மற்றது பூ. புள்ளிக்காசு பூ, மற்றது தலை. ஐந்தாவதாக ஒன்று வருமா என்று ஒரு மணி நேரம் சுண்டினாள். வரவில்லை. நான்கில் இரண்டை அவள் தலையில் கட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை சீட்டை சூப்பர்வைசர் முன் விரித்தாள்.

"பூ-தலை ரெண்டு விதமா விழுது சார். அவங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு, எனக்கு மட்டும் ரெண்டா?"

"எந்தக் காசு பூவா இருந்தா என்னம்மா? பூ-தலை பூ-தலைதானே."

"உங்க ரெண்டு பிள்ளைங்கள்ல யாரு பாஸ், யாரு ஃபெயிலுன்னு கேட்டா, யாரா இருந்தா என்னன்னு சொல்வீங்களா?"

பாட்டுக்காரியின் முணுமுணுப்பு நின்றது. சூப்பர்வைசருக்கு முகம் சிவந்தது.

"சரி தாயே. பூ-தலையை நெட்டைக்கு மாத்திடறேன். ஆளை விடு."

"அவளை மாட்டிவிடவா நான் கத்தறேன்? புள்ளிக்காசு தலை, மத்தது பூன்னா எனக்கு. அதுவே திருப்பி விழுந்தா யாருக்கும் இல்ல, மறுபடி சுண்டுங்க."

அவள் நீட்டிய புள்ளிக்காசையும் மற்றதையும் அவர் வேண்டாவெறுப்பாகச் சுண்டினார். புள்ளிக்காசு தலை. மற்றது பூ.

"இப்ப என்ன சொல்றே?" அவர் குரலில் குஷி வழிந்தது.

"இது எனக்கு வந்தது, செய்யறேன். ஒழுங்கா போட்டிருந்தா பதினாறுல அஞ்சோ ஆறோ வந்திருக்கும். மிச்சத்துக்கு என்ன பதில்? உங்க தப்பை என் தலையெழுத்துன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன பதில்?"

"பழசைக் கிளறாதே" என்று காசுகளைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே போனார்.

நெட்டை ஒரு விரிப்பை நான்காக மடித்து, மறுபடி பிரித்து மடித்தாள்.

"அக்கா, நாளைக்கு நான் வரேன். நீ பாப்பாவைப் போய்ப் பாரு."

"அந்த ஆளு தர வேண்டியதை நீ ஏண்டி தர்றே?"

"நான் வீட்டுல தூங்கின ஞாயித்துக்கிழமைல உன்னோடது எத்தனையோ. அதான்."

வெந்நீர் அவளை முறைத்தாள். கோபம் ஆறாத அதே குரலில் மகளுக்குப் போன் செய்தாள்.

"நாளைக்கு வரேன். பத்து மணிக்கு."