எண்ணெய்ப் புள்ளி விழுந்த கல்யாணப் படங்கள்

பனியன் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனில் ஓட்டை, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை என்று எது இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. பெருமைக்குச் சொல்லவில்லை, இது ஒரு வியாதி. விசேஷ வீட்டுக்குப் போனாலும் எதிரில் நிற்கிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் சட்டைக் காலரில் தையல் நேராக ஓடியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். இதனாலேயே என் மனைவி என்னோடு துணிக்கடைக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

இன்னொரு வியாதி கேமரா. கோயம்புத்தூரில் ஒரு கடையில் பழசாக வாங்கிய மிரர்லெஸ் கேமராவும் இரண்டு லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் குளத்தங்கரையில் நீர்க்காகத்துக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன். இல்லாவிட்டால் அவிநாசிபாளையம் தாண்டிப் போய் வானத்தை எடுப்பேன். வீட்டில் யாருக்கும் இதில் ஒரு பைசா மதிப்பு கிடையாது. ஆனால் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு நான் எடுக்கும் படங்களை எல்லோரும் போனில் வாங்கிக்கொள்வார்கள். அதில்தான் எனக்குத் தலைக்கனம் ஏறியது.

என் பகுதியில் எனக்கும் முன்னாலிருந்தே வேலை செய்கிற அக்கா ஒருவர் உண்டு. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் சோமனூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார், மகள் எட்டாவது படிக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். அவரை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அந்த மகளை வளர்த்ததெல்லாம் எங்கள் செக்கிங் மேஜைதான். அந்த மகளுக்குக் கல்யாணம் கூடி வந்தது. வெள்ளகோவில் பக்கத்து மாப்பிள்ளை. கோயிலில் தாலி கட்டி, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் பேசி வைத்திருப்பதாக அக்கா சொன்னார்.

அப்போது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. ஸ்டுடியோ எதற்கு, நானே எடுத்துத் தருகிறேன், ஆல்பமும் நானே போட்டுத் தருகிறேன், அது என் மொய் என்று வாயைக் கொடுத்தேன். அக்கா தயங்கினார். தம்பிக்கு எதற்கு வீண் சிரமம் என்றார். நான் விடாப்பிடியாக நின்றேன். கடைசியில் அவர் ஸ்டுடியோக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“புள்ளை மொகத்த இடது பக்கமா நல்லா எடுங்க தம்பி. மத்ததெல்லாம் உங்க இஷ்டமுங்க.”

அந்தப் பக்கம் பெண் இன்னும் அழகாக இருப்பாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. படமெடுப்பதில் எனக்கே யோசனை சொல்கிறாரே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கேமராவைச் சோதித்தேன். வானத்தை எடுத்தால் நூல் நூலாக நிழல் விழுந்தது. பஞ்சு. எங்கள் ஊரில் பஞ்சு புகாத இடம் கிடையாது. புருவத்தில் ஒட்டும், டீயில் மிதக்கும். கம்பெனியில் வைத்து லென்ஸ் மாற்றியிருக்கிறேன், அப்போது சென்சார் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. படம் பதிகிற சில்லுதான் சென்சார், கேமராவுக்குக் கண் மாதிரி. ரப்பர் பந்தால் ஊதிப் பார்த்தேன், அசையவில்லை. துடைக்கிற திரவத்தை ஆர்டர் போட்டால் கல்யாணம் முடிந்த பிறகு வரும் என்று காட்டியது.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தையல் பகுதிச் சுவரில் ஏர் கன் தொங்கியது. கம்ப்ரசர் காற்றால் மெஷினில் படிந்த பஞ்சை ஊதித் தள்ளுவதற்கு வைத்திருப்பது. லென்ஸைக் கழற்றினேன், எட்ட வைத்து ஒரே ஒரு அழுத்து அழுத்தினேன். புஸ்ஸென்றது. பஞ்சு போயே போய்விட்டது. லென்ஸை மாட்டி, வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரை அகலமாகத் திறந்து வைத்துச் சுவரை ஒரு படம் எடுத்தேன். சுத்தமாக இருந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு சாப்பிடப் போனேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் நன்றாகவே எடுத்தேன், அதில் சந்தேகமே இல்லை. தாலி கட்டும்போது அக்கா கண்ணை மூடிக்கொண்டதை எடுத்தேன். கோயில் வாசலில் வெயில் கண்ணைப் பறித்ததால் அப்பர்ச்சரை நன்றாகச் சுருக்கிக்கொண்டு பெண்ணையும் மாப்பிள்ளையையும் நிற்க வைத்து வரிசையாக எடுத்தேன். சொன்னபடி இடது பக்கமாக நிறைய எடுத்தேன். மணப்பெண்ணே அலுத்துப்போய், “ஏனுங்ணா, எனக்கு இன்னொரு பக்கமும் இருக்குதுங்க” என்று சொல்லிச் சிரித்தாள். கேமராவின் சின்னத் திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

சாயங்காலம் வீட்டில் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். மணப்பெண் நெற்றிக்கு மேலே எள் தூவினது போல் கரும்புள்ளிகள். திரைதான் அழுக்கு என்று நினைத்து, எங்கள் ஊர்ப் பழக்கப்படி கையருகில் கிடந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்துத் துடைத்தேன். போகவில்லை. அடுத்த படத்தைத் திறந்தேன். அதே புள்ளிகள், அதே இடத்தில். அதற்கடுத்த படத்திலும் அப்படியே. அப்பர்ச்சரைச் சுருக்கினால்தான் இந்த மாதிரிப் புள்ளி தெரியும், அகலமாகத் திறந்தால் தெரியாது. சுவரைச் சோதித்தபோது நான் அகலமாகத்தான் திறந்திருந்தேன். ஏர் கன்னிலிருந்து காற்றோடு கம்ப்ரசர் எண்ணெயும் தெறித்திருக்கிறது. அறுநூற்றுச் சொச்சம் படங்கள், அன்று முழுக்கச் சுருக்கியே எடுத்ததால் அத்தனையிலும் எண்ணெய்க் கறை.

என் மனைவி எட்டிப் பார்த்தாள், விஷயத்தைக் கேட்டாள். “ஊரு பனியன்லயெல்லாம் எண்ணெக் கறை கண்டுபுடிக்கற ஆளுங்களாச்சே நீங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பனியனில் கறை என்றால் வேறு பனியன் தைக்கலாம். இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா? வருவதாக இருந்த ஸ்டுடியோக்காரரையும் நான்தான் தடுத்தேன். அந்த அம்மாவுக்கு மகள் கல்யாணத்தில் மிஞ்சப்போவது இந்தப் படங்கள் மட்டும்தான். அதை நான் பாழாக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு புள்ளியைக்கூட எடுக்காமல் விடுவதில்லை. முதலில் போனில் ஒரு செயலியைப் போட்டேன். தானாகவே கறையைக் கண்டுபிடித்து அழிக்கும் என்று விளம்பரம். அது மணப்பெண்ணின் வளையலில் பாதியையும் தாலியில் ஒரு குண்டையும் கறை என்று அழித்துவிட்டது. செயலியைத் தூக்கி எறிந்தேன். கையாலேயே செய்ய உட்கார்ந்தேன். தினமும் காலையில் ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றரை மணி நேரம், ஞாயிறு முழுக்க. படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி, மூலையிலிருந்து மூலைக்கு நகர்த்தி, பனியனை மேஜையில் விரித்துக் கண்ணை ஓட்டுகிற மாதிரியே ஓட்டினேன். கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தால் அழி. அடுத்தது. இரண்டாவது வாரத்தில் எனக்கு முகங்களே தெரியவில்லை, தோலும் துணியும் புள்ளியும்தான் தெரிந்தன. குளம், நீர்க்காகம் எல்லாவற்றையும் மறந்தேன். ஆர்டர் போட்டிருந்த திரவம் வந்ததும் சென்சாரைத் துடைத்தேன், அதோடு கேமராவைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் வேலை கொஞ்சம் இருக்கிறது என்றேன். அவர் அவசரப்படுத்தவில்லை. மறுவீடு முடிந்து மகள் வெள்ளகோவில் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது, ஆல்பம் வந்தால் சாயங்காலத்தில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதைக் கேட்டபோது அழுகை வந்தது எனக்கு. அந்த வாரம்தான் அவர் பார்த்து முடித்த பனியன் கட்டுக்குள் ஒரு வெள்ளைப் பீஸில் எண்ணெய்க் கறை இருந்தது. பழக்க தோஷம், எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். கறை கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். “சரிங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைக் கிழித்து அந்தக் கறைக்கு நேராக ஒட்டித் தனியே வைத்தார். செக்கிங்கில் அதுதான் முறை, குறை எங்கே இருக்கிறதோ அங்கே அம்பு.

நான்காவது வாரம் ஆல்பம் கைக்கு வந்தது. கம்பெனி வாசலில் வைத்துக் கொடுத்தேன். ஒரு புள்ளி இல்லை, சத்தியம் செய்வேன். அக்கா அதைத் திறக்கவில்லை, ஊட்டுக்குப் போய்ப் பார்க்கிறேனுங்க என்று மார்போடு அணைத்துக்கொண்டு போனார். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் டீ நேரத்தில் ஆல்பத்தோடு என் மேஜைக்கு வந்தார். டியூப்லைட்டுக்குக் கீழே விரித்தார். பக்கங்களை மூடியிருந்த கண்ணாடித் தாளின் மேலே, படம் கெடாதபடி, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்கள். முதல் பக்கத்தில் ஒன்று, அடுத்ததில் இரண்டு. எங்கெல்லாம் மகளின் இடது கன்னம் தெரிகிறதோ அங்கெல்லாம் ஒன்று. கறையை விட்டுவிட்டேனா? குனிந்து, என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூக்கு படுகிற அளவுக்குப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

“அக்கா, இங்க ஒண்ணும் இல்லீங்களே.”

“ஆமாங்க தம்பி. அங்க ஒரு மச்சம் இருக்கோணுமுங்க.”

சென்சாரில் விழுந்த கறை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். மச்சம் முகத்தோடு நகரும். பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூட இந்த வித்தியாசம் தெரியும். இருபது வருஷம் கறை பார்த்த எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் தாடைக்கு மேலே இருந்ததை ஒவ்வொரு படமாகத் தேடித் தேடி அழித்திருக்கிறேன்.

அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

“அவங்கப்பனுக்கும் அதே எடத்துல இருந்துச்சுங்க. கண்ணாலத்துக்கு அவருதான் வல்ல, அதாச்சும் போட்டோவுல இருக்கட்டுமின்னுதான் இடது பக்கமா எடுக்கச் சொன்னனுங்க.”

அதற்குப் பிறகு மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சு, ஏர் கன், எண்ணெய், நாலு வாரம் உட்கார்ந்தது, எதையும் விடவில்லை. அவர் என்னை நம்பாத மாதிரி பார்த்தார்.

“ஏர் கன்னுலயா ஊதுனீங்க? வெள்ளைப் பீசு மேலயே அதைய ஊத மாட்டமுங்களே தம்பி. எண்ணெ தெறிக்குமுங்க. என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனுங்களே.”

கேட்டிருக்கலாம். இடது பக்கம் ஏன் என்றும் கேட்டிருக்கலாம். இரண்டு கேள்வியும் என் வாயில் வரவில்லை, சூப்பர்வைசர் அல்லவா நான்.

நல்லவேளை, கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களை நான் அழிக்கவில்லை. ஆல்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். இன்னொரு நாலு வாரம் ஆகும் என்று சொன்னேன். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. அன்று சாயங்காலமே உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு படத்திலும் முதலில் மச்சத்தைத் தேடினேன். அதைக் கண்டுபிடித்துச் சுற்றிலும் ஒரு வட்டம் போட்டுக் காப்பாற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் மற்றப் புள்ளிகளில் கை வைத்தேன். மனைவி டீயை வைத்துவிட்டு, கேலி செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு படத்தில் நான் தவறவிட்ட மச்சத்தை அவள்தான் காட்டினாள்.

நாலு வாரம் இல்லை, ஐந்து ஆனது. இரண்டாவது ஆல்பத்தை மேஜையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அக்கா ஸ்டிக்கர் சுருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பீஸ் பார்க்கிற மாதிரியே, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, மகளின் இடது தாடையில் விரலை வைத்தார். “இருக்குதுங்க” என்றார். அடுத்த பக்கம். “இருக்குதுங்க.” அதற்கடுத்த பக்கம். நான் எதிரில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசிப் பக்கம்வரை ஒரு ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. ஆல்பத்தை மூடிப் பையில் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்க்காமல் கிடந்த பனியன் கட்டை எடுத்துப் பிரித்தார்.