எண்ணெய் பட்ட சுவர்

பொத்தேரியில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்தபடி மாடியில் இருக்கும் ஒரு பல் கிளினிக்கில், வரவேற்பறைச் சுவரை நான்தான் முடித்தேன். இதைச் சொன்னால் "நீயா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

அது செங்கல் சுவர் இல்லை. தகரச் சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை வைத்து ஸ்குரூ முடுக்கிய சுவர். பலகை முடுக்குவது என் தம்பி. பலகையும் பலகையும் சேரும் இடத்தில் காகித டேப் ஒட்டி, மேலே பட்டி இழுத்து, காயவிட்டு, தேய்த்து, இரண்டு பலகை இருப்பதே தெரியாமல் செய்வதுதான் முடிப்பு வேலை. தாம்பரத்திலிருந்து எங்களை அழைத்துப் போகும் மேஸ்திரி அந்த வேலையை ஆண்களுக்கு மட்டும்தான் கொடுப்பார். பெண்கள் மூட்டை தூக்குவோம், பட்டி குழைப்போம், உப்புத்தாள் வைத்துத் தேய்ப்போம், தலை முதல் கால் வரை வெள்ளையாகப் பஸ் ஏறுவோம். பட்டித் தகடு மட்டும் எங்கள் கைக்கு வராது.

நான் பல வருஷம் தேய்த்தவள். தகடு பிடித்தவன் எங்கே அவசரப்பட்டான், எங்கே கை வலித்து அழுத்தாமல் விட்டான் என்பது தேய்க்கிறவளுக்குத்தான் தெரியும். அவன் விட்ட மேடு முழுவதும் என் மூக்குக்குள்தான் போயிருக்கிறது. அப்படியே கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை.

பொத்தேரி வேலை நடக்கும்போது முடிப்பு வேலைக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு குழுவுக்குப் போய்விட்டார். மேஸ்திரி போனை வைத்துக்கொண்டு அறைக்குள் இங்கும் அங்கும் நடந்தார்.

"நான் போடறேன்," என்றேன்.

"இன்னாத்த போடற?"

"டேப்பு, பட்டி, எல்லாம்."

"தபாரு, இது வாசல்ல கோலம் போடற வேல இல்ல."

"கோலம் போட உங்களுக்குத் தெரியுமா? கோடு நேரா வருமா உங்களுக்கு?"

தம்பி ஏணி மேலிருந்து சிரித்தான். மேஸ்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. விரலை நீட்டி வரவேற்பறைச் சுவரைக் காட்டினார். "இந்த ஒரு செவுரு. மேல லைட்டு வருது. லைட்டப் போட்டு ஒரு அல தெரிஞ்சாலும் டெக்ஸ்ச்சர் ஆளக் கூட்டினு வந்து மூடிடுவேன். அப்பால தகடுன்னு வாயத் தொறக்கக் கூடாது. மூட்டதான்."

"சரி," என்றேன்.

டெக்ஸ்ச்சர் என்பது சுவரின் குறையெல்லாம் மறைய மேலே சொரசொரப்பாக அடிக்கும் பூச்சு. கட்டிடத்திலேயே மோசமான சுவரைத்தான் எனக்குக் காட்டியிருந்தார். மேற்குப் பக்கம் கண்ணாடி. மதியத்துக்கு மேல் வெயில் சுவரின் மேல் சாய்வாக ஓடும். போதாததற்குக் கூரையில் சுவரை ஒட்டியே நீளமாக ஒரு விளக்கு வரப்போகிறது. நேராக அடிக்கிற வெளிச்சம் சுவரை மன்னித்துவிடும். பக்கவாட்டில் அடிக்கிற வெளிச்சம் ஒரு தலைமுடியைக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

இதில் என் தம்பியும் ஒரு வேலை செய்து வைத்திருந்தான். ஜிப்சம் பலகையின் நீள ஓரம் கம்பெனியிலிருந்து வரும்போதே லேசாகச் சரிந்திருக்கும். டேப் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அறுத்த ஓரத்துக்கு அந்தச் சரிவு கிடையாது. அறுத்த துண்டை மூலையில் தள்ளுவதுதான் முறை. இவன் அறுத்த ஓரத்தோடு அறுத்த ஓரத்தைச் சேர்த்து, சுவருக்கு நட்டநடுவில் வைத்து முடுக்கியிருந்தான்.

"ஏன்டா, உனக்கு வேற எடமே கெடைக்கலியா?"

"பலக பத்தலக்கா. வுடு, டெக்ஸ்ச்சர் அடிச்சா ஒண்ணும் தெரியாது."

"அடிச்சா நான் மூட்ட தூக்கணும்டா."

அவன் ஏணியை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான்.

முதலில் ஸ்குரூ தலைகளை ஒவ்வொன்றாகத் தடவினேன். வெளியே நின்றதை உள்ளே முடுக்கினேன். பலகையின் மேல்காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று முடுக்கினேன். டேப்புக்கு அடியில் பட்டியைத் தாராளமாக வைத்து, டேப்பை வைத்து, அடியில் காற்று நிற்காமல் தகட்டால் அழுத்தி இழுத்தேன். காற்று நின்றால் காய்ந்தபிறகு கொப்புளம் வரும். அது காயும்வரை யாரும் காற்றாடி போடக் கூடாது என்றேன். சித்தாள் அக்கா ஒருவர் வேர்க்கிறது என்று சுவிட்சைத் தட்டினார். போய் அணைத்துவிட்டு வந்தேன். மறுபடி தட்டினார். காற்றாடியின் ஒயரையே கழற்றிவிட்டேன். சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். வேர்த்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

நடு மூட்டுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது. அங்கே டேப் மேடாகத்தான் நிற்கும், அதை ஒன்றும் செய்ய முடியாது. மேட்டைக் குறைக்கப் பார்க்கிறவன் முட்டாள். மேட்டிலிருந்து இரண்டு பக்கமும் பட்டியை அகலமாக, இன்னும் அகலமாக இழுத்துக்கொண்டே போய் ஒன்றுமில்லாமல் கரைத்துவிட வேண்டும். ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிட அகலம், முந்தையதைவிட மெல்லிசு. மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தேன். போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவினேன். உள்ளங்கை காய்த்துப் போனது, அது பொய் சொல்லும். புறங்கை சொல்லாது.

தேய்த்து, துணியால் தூசு தட்டி முடித்தபோது சுவர் முட்டை ஓடு மாதிரி இருந்தது. மறுநாள் காலையில், பெயிண்டுக்கு அடியில் போகும் பிரைமர் அடிப்பது பாக்கி.

மறுநாள் காலையில் போனால் அறை முழுக்கச் செருப்பு. பல் டாக்டரம்மாவின் குடும்பம் வந்திருந்தது. பெயிண்ட் அடிப்பதற்கு முன் ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்களாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே நுழையும்போது கடைசி ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டர் சின்ன பாட்டிலில் எண்ணெய் வைத்திருந்தார். வாசல் நிலையில் சிலுவை போட்டிருந்தார், அது பரவாயில்லை. என் சுவரிலும் ஒன்று போட்டிருந்தார். பிரைமர் இல்லாத பட்டி எண்ணெயைத் தண்ணீர் மாதிரி குடிக்கும். சிலுவையின் ஓரம் ஊறி ஊறிப் பழுப்பாகப் பெருத்துக்கொண்டிருந்தது.

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். எங்கள் வீடுகளில் மஞ்சள் குங்குமம் வைக்கிறோம், அவர்கள் எண்ணெய் வைக்கிறார்கள். ஆனால் டாக்டரம்மாவின் பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே, நன்றாகத் தேங்காய் எண்ணெய் தேய்த்து வாரிய தலையைச் சுவரில் சாய்த்திருந்தார்.

"ஏம்மா, செவுரு ஒண்ணுதான் கெடச்சுதா தல சாய்க்க?" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பெரியம்மா பதறி எழுந்தார். அவர் தலை இருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம், மினுமினு என்று.

"ஸாரிம்மா, மூட்டு வலி, நிக்க முடியல," என்றார்.

நான் தகட்டை எடுத்து வந்து வட்டத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். அது முடிந்து சிலுவைப் பக்கம் கை போனதும் பெரியம்மா குறுக்கே வந்தார். மூட்டு வலி எங்கே போனதோ தெரியவில்லை.

"அதைத் தொடாதே. ஜெபம் பண்ணிப் போட்டது. அதைப் போய்ச் சுரண்டுவியா?"

"சுரண்டலைன்னா பெயிண்டுக்கு மேல மஞ்சளா வந்து நிக்கும்மா."

"வந்தா வரட்டும்."

டாக்டரம்மா நடுவில் புகுந்தார். "அக்கா, எனக்கு wall-உம் வேணும், பெரியம்மாவும் வேணும். ஏதாவது வழி இருக்கா?"

இந்த நேரம் பார்த்து மேஸ்திரி படியேறி வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகமெல்லாம் மலர்ந்தது. "இன்னாமா இது, கிளினிக்கா, எண்ணக் கடையா? மேடம், கவலப்படாதீங்க, டெக்ஸ்ச்சர் அடிச்சா சூப்பரா ஆயிடும்."

"லைட்டப் போட்டுப் பாக்கறேன்னுதானே சொன்னீங்க? லைட்டு வந்துச்சா?"

"வரல."

"அப்ப போங்க."

பக்கத்து அறையில் தச்சர் அலமாரிக் கதவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முடிச்சுள்ள மரத்தில் பெயிண்ட் அடித்தால் முடிச்சிலிருந்து பிசின் ஊறி மஞ்சளாக வெளியே வரும். வராமல் இருக்கத் தச்சர்கள் அந்த இடத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பூசுவார்கள். மரத்தின் பிசினை அடைக்கிறது எண்ணெயை அடைக்காதா? அவரிடம் ஒரு கிண்ணம் வாங்கி வந்தேன். சிலுவை மேல் காய்ந்த பட்டித் தூளை அள்ளி வைத்து, எண்ணெய் அதில் ஊறியவரை ஊறட்டும் என்று விட்டு, ஊதித் தட்டினேன். பிறகு சிலுவையையும் அதைச் சுற்றியும் அரக்கு பூசினேன். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் திருட்டுத்தனமாகச் சுரண்டிவிடுவேன் என்று.

"அப்படியே உள்ள இருக்குமில்ல?" என்று கேட்டார்.

"இருக்கும். செவுரு இருக்கற வரைக்கும் இருக்கும்."

"அப்போ சரி. கர்த்தர் உன் கையை ஆசீர்வதிப்பார்."

"தலைய மட்டும் சாய்க்காதீங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க நேரமில்லை. அரக்கு பூசிய இடம் இப்போது மினுக்கமாக, துளி மேடாக நின்றது. பெரியம்மாவின் தலை இருந்த இடமோ பள்ளம். உப்புத்தாளால் மினுக்கத்தை மட்டும் எடுத்து, இரண்டையும் சேர்த்துச் சுவரின் பாதிக்கு மறுபடி மெல்லிசாகப் பட்டி இழுத்தேன். ஓட்டைக்கு மட்டும் ஒட்டுப் போட்டால் ஒட்டு தெரியும். சுவரையே ஒட்டு ஆக்கிவிட்டால் தெரியாது. காயவைத்து, தேய்த்து, பிரைமர் அடித்தேன். பெயிண்ட் அடிக்கிறவர்கள் வந்து அடித்துவிட்டுப் போனார்கள்.

விளக்கு மாட்டிய அன்று மேஸ்திரி எல்லோரையும் வரச் சொன்னார். நான் தோற்பதைப் பார்க்க ஆள் வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருப்பார். எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் கூரையிலிருந்து தரை வரைக்கும் சுவரோடு வழிந்து இறங்கியது. எங்கேயும் தடுக்கவில்லை.

மேஸ்திரி இடப் பக்கம் போய்க் கன்னத்தைச் சுவரில் வைத்துப் பார்த்தார். வலப் பக்கம் போய்ப் பார்த்தார். குனிந்தார். மஞ்சள் கறையைத் தேடினார். உள்ளங்கையால் தடவினார்.

"மூட்டு எங்கன்னு காட்டுங்க," என்றேன்.

"இன்னாது?"

"நடுவுல ஒரு மூட்டு கீதுல்ல. எங்கன்னு விரல வெச்சுக் காட்டுங்க."

அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு ஓரிடத்தில் விரல் வைத்தார். தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். அவன்தானே முடுக்கியவன், அவனுக்குத் தெரியும். அங்கே முழுப் பலகை. ஒரு மூட்டும் இல்லை.

"இல்ல," என்றேன்.

விரலை நகர்த்தினார்.

"அங்கயும் இல்ல."

"அட வுடுமா," என்று கையை எடுத்துக்கொண்டார். ஷபாஷ் என்று சொல்லவில்லை. அந்த ஆளுக்கு அந்த வார்த்தை வராது, நானும் எதிர்பார்க்கவில்லை. படியில் இறங்கும்போது, யாரிடமோ சொல்வது போல, "கேளம்பாக்கத்துல ஃபுல் ஃப்ளோரு கீது. தேய்க்க உனுக்கு யாரு வேணும்?" என்று கேட்டார்.

"தேய்க்க" என்று கேட்டார். தகடு இனி என் கையில் என்றுதான் அதற்கு அர்த்தம், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"இவன்," என்று தம்பியைக் காட்டினேன்.

"நானாக்கா? நான் பலக முடுக்கறவன்."

"நட்டநடுவுல அறுத்து வெச்சவன் நீதானே? இனிமே நீ வெக்கற மேட்ட நீயே தேய்."

கேளம்பாக்கத்தில் இப்போது பலகை முடுக்குவதும் அவன்தான், தேய்ப்பதும் அவன்தான். நாள் முழுக்கத் தும்முகிறான், நாள் முழுக்கத் திட்டு வாங்குகிறான். அறுத்த ஓரத்தையெல்லாம் ஒழுங்காக மூலைக்குத் தள்ளிவிடுகிறான்.