ஸ்கேன் பெஞ்சில் பச்சை டம்ளர்

ஸ்கேன் சென்டரில் முன்கூடத்து வேலை என்றால் பாதி நேரம் "குடிங்க" என்று சொல்வதும், மீதி நேரம் "அடக்கிக்கோங்க" என்று சொல்வதும்தான். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன சென்டரில் இருபத்திரண்டு வருடம் இந்த இரண்டு சொல்லையும் சொன்னேன். முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். இப்போது அங்கே டோக்கன் எண் காட்டும் பெட்டி வந்துவிட்டதாம். நான் இருந்தபோது ஒரு நீள பெஞ்சும், ஒரு தண்ணீர் ஃபில்டரும், ஆறு நிறத்தில் ஆறு பிளாஸ்டிக் டம்ளர்களும்தான்.

அடிவயிற்று ஸ்கேனுக்காகத் தண்ணீரைக் குடித்துவிட்டு, காலைப் பின்னிக்கொண்டு, கடிகாரத்தை முறைத்தபடி நீங்களும் எங்கேயாவது ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், நாம் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திறக்காத ஜன்னல்

கல்பனா மாதனூர்ப் பக்கத்துப் பெண். வயது இருபத்தைந்து இருக்கும். ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை. நான்கு மாதத்தில் கல்யாணம். வலது அடிவயிற்றில் கொஞ்ச நாளாக ஒரு கனம், மாதவிடாயும் தள்ளிப்போகிறது என்று ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். "தண்ணி குடிச்சியாம்மா?" என்றேன். "ரெண்டு லிட்டரு" என்றாள், கண்ணைச் சிமிட்டாமல்.

உள்ளே போன ஐந்தாவது நிமிடம் எங்கள் டாக்டரம்மா அவளை வெளியே அனுப்பிவிட்டார். காரணம் எளிது. ஸ்கேன் என்பது ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குவது. காற்று நிறைந்த குடல் குறுக்கே இருந்தால் ஒலி போகாது. சிறுநீர்ப்பை நிறைந்தால் அது குடலை ஒதுக்கித் தள்ளிவிட்டு, தானே ஒரு ஜன்னலாகி நிற்கும். அந்த ஜன்னல் வழியாகத்தான் கர்ப்பப்பையும் அதன் இரு பக்கத்துச் சினைப்பைகளும் தெரியும். கல்பனாவின் ஜன்னல் திறக்கவே இல்லை. உண்மையைச் சொல்லச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்:

"எங்க லைனுக்கு பாத்ரூம் கார்டு ஒன்னுதாங்க்கா. அது கைல இருந்தாத்தான் எழுந்து போவ முடியும், எப்ப வரும்னு தெரியாது. ஆறு வருஷமா காலைல தண்ணி குடிக்கிறதையே உட்டுட்டேன், இப்ப குடிச்சா தொண்டைல எறங்க மாட்டேங்குது."

பேர் வேண்டாம்

மறுநாள் வந்தாள். பஸ்ஸிலேயே குடிக்க ஆரம்பித்து, ஹைவேயின் ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஒரு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு வந்து சேர்ந்திருந்தாள். நான் வழக்கம்போல உரக்க, "மாதனூர் கல்பனா!" என்று கூப்பிட்டேன். பெஞ்சில் இருந்த நான்கு தலைகள் திரும்பின. அதில் ஒருத்தி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு. "நீயா? உனக்கு இன்னாடி?" என்று அவள் கேட்டதும் கல்பனாவின் முகம் சுருங்கிப்போனது.

உள்ளே போகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று முதல் நான் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டேன். யார் கையில் எந்த நிற டம்ளரோ, அதுதான் பேர். டாக்டரம்மா முதலில் சிரித்தார், பிறகு அவரும் "மஞ்சளை அனுப்புங்க" என்று பழகிவிட்டார். பல வருடம் என் நாக்கில் ஊறியிருந்த பழக்கத்தை மாற்றியது அந்தப் பெண் ரகசியமாகச் சொன்ன ஒரே வரி:

"பேர் சொல்லாதீங்க்கா, சாயந்தரத்துக்குள்ள கம்பெனி பஸ்ஸு நாலுலயும் பரவிடும், பள்ளிகொண்டாவுல மாப்ள ஊட்டுக்கும் போய்டும்."

நாற்பத்திரண்டுக்கு முப்பத்தெட்டு

வலது சினைப்பையில் ஒரு நீர்ப்பை இருந்தது. டாக்டரம்மா அவளுக்கு விளக்கியதைக் கதவோரம் நின்று கேட்டேன். நூறு பேருக்குச் சொன்னாலும் முதல் முறை சொல்வதுபோலத்தான் சொல்வார். மாதாமாதம் சினைப்பையில் ஒரு சின்ன நீர்க்குமிழ் வளரும், அதற்குள்தான் கருமுட்டை இருக்கும். நேரம் வந்ததும் குமிழ் உடைந்து முட்டை வெளியே வரும். சில மாதம் உடைய வேண்டிய குமிழ் உடையாமல் வளர்ந்துகொண்டே போகும். அதுதான் இது. மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர், கெட்டியாக எதுவும் இல்லை. இந்த மாதிரி நீர்ப்பை பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானே வற்றிவிடும். முத்து முத்தாகச் சிறு குமிழ்கள் நிறையத் தெரியும் என்று சொல்கிறார்களே, அது வேறு சங்கதி. அதையும் இதையும் ஒரே பேரில் நீர்க்கட்டி என்று அழைத்துக் குழம்ப வேண்டாம் என்றார்.

"மூணு மாசம் கழிச்சு, மாதவிடாய் முடிஞ்ச கையோட வா. நடுவுல திடீர்னு தாங்க முடியாத வலி வந்து, கூடவே வாந்தியும் வந்தா, அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். அது நீர்ப்பையோட கனத்துல சினைப்பை முறுக்கிக்கிட்டதா இருக்கலாம். ரத்தம் போகாம நின்னா சினைப்பையையே இழக்க வேண்டி வரும்" என்றார். கல்பனா 'வலி, வாந்தி' என்று இரண்டு விரலை மடக்கி மனப்பாடம் செய்துகொண்டாள். வெளியே வந்து ரிப்போர்ட்டைப் பிரித்தாள். 42 x 38 மில்லிமீட்டர் என்று இருந்தது. பயத்தில் வெளுத்திருந்தவள் அதைப் பார்த்ததும் முதல் முறையாகச் சிரித்தாள்:

"ஷூ சைஸுல நாப்பத்திரண்டு ஜென்ட்ஸு, முப்பத்தெட்டு லேடீஸு. இப்டி ஜோடி போட்டு அனுப்பினா எங்க சூப்பர்வைசரு பொட்டியையே திருப்பி அனுச்சிடுவாருக்கா!"

எடுத்துடுங்க

அவள் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே ரிப்போர்ட்டோடு வந்து நின்றார். நிலக்கடலைக் காட்டில் வேலை செய்யும் கை. ரிப்போர்ட்டைக் கத்தி மாதிரி பிடித்திருந்தார். அவர் அக்கம்பக்கத்தில் வயிற்றுக்குள் 'கட்டி' என்று சொன்ன பெண்களுக்கெல்லாம் கர்ப்பப்பையையே எடுத்திருந்தார்கள். சேதி தெரிந்தால் இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்று மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்கள். அதற்குள் யாருக்கும் தெரியாமல் அந்தக் கட்டியை எடுத்துவிட வேண்டும். இதுதான் அவர் கணக்கு.

டாக்டரம்மா பொறுமையாக மறுத்தார். தானாக வற்றப்போவதற்குக் கத்தி எதற்கு? வற்றாமல் பெரிதானாலோ, உள்ளே ரத்தமோ கொழுப்போ இருக்கும் வகையாக இருந்தாலோ, அப்போது பார்க்கலாம். அப்போதும் சின்னத் துளைகள் போட்டு நீர்ப்பையை மட்டும் உரித்தெடுக்க முடியும். சினைப்பையைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள், கர்ப்பப்பையைத் தொடவே மாட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அம்மா என்னிடம் வந்து முறையிட்டார்:

"ஒன்னும் பண்ணாம சும்மா இருன்னு சொல்றதுக்கு ஒரு டாக்டரம்மா, அத கேக்கறதுக்கு நாலு டம்ளரு தண்ணி!"

ரிஸ்வானாவின் முடி

இரண்டு மாதம் கழித்துக் கல்பனாவின் பேர் என் காதில் விழுந்தது ரிஸ்வானா சொல்லி. ரிஸ்வானா அதே லைனில் அவள் பக்கத்து மெஷின். தோஸ்த் என்றால் உயிர்த் தோஸ்த். ஒருநாள் வேலை நடுவில் ரிஸ்வானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெஷின் மேலேயே கவிழ்ந்துவிட்டாள். சூப்பர்வைசர், "கேஸ் ட்ரபுள்தான், ஒரு சோடா குடிம்மா" என்று ஆள் அனுப்பினார். சோடா வருவதற்குள் ரிஸ்வானா வாந்தி எடுத்தாள். கல்பனா தன் இரண்டு விரலையும் பார்த்திருக்கிறாள். உடனே எழுந்து, கம்பெனி வண்டியை எடுக்கும்வரை லைனில் ஒரு மெஷினும் ஓடக் கூடாது என்று கத்தியிருக்கிறாள். ஆறு வருடத்தில் அவள் குரலை அந்த லைன் கேட்டதே அன்றுதானாம்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அன்று மாலையே துளைவழி ஆபரேஷன் செய்து முறுக்கைப் பிரித்தார்கள். சினைப்பை பிழைத்தது. அதிலிருந்த பையை மட்டும் எடுத்தார்கள். அது வேறு வகை. உள்ளே கொழுப்பும் கொஞ்சம் முடியும் இருக்கும், தானாக வற்றாது. இதைக் கேட்ட கல்பனாவின் அம்மா, "நான் அப்பவே எடுக்கச் சொன்னேனே" என்று மறுபடி ஆரம்பித்துவிட்டாராம். கல்பனாவுக்கும் ராத்தூக்கம் போய்விட்டதாம். ஆனால் மறு ஸ்கேனுக்கு எங்களிடம் வந்த ரிஸ்வானாவிடம் பேஜாரே இல்லை. பின்னலை முன்னால் இழுத்துப்போட்டுக் காட்டிச் சொன்னாள்:

"ஜாஸ்தியா இருந்த முடி கம்மி ஆயிக்கினே வந்துச்சிக்கா, எங்க போவுது எங்க போவுதுன்னு பாத்தேன். உள்ள ஒளிச்சி வெச்சிக்கினு இருந்திருக்கேன்!"

பச்சையும் நீலமும்

மூன்று மாதம் முடிந்து கல்பனா வந்த நாள் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் பாக்கி. தனியாக வந்திருந்தாள். பச்சை டம்ளரைக் கொடுத்தேன். நான்காவது டம்ளரில் இருந்தபோது வாசலில் ஒரு அம்மா வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், அகலமான பொட்டு, கையில் மஞ்சள் பை. அவருக்கு நீல டம்ளர் கொடுத்துவிட்டுத் திரும்பினால் கல்பனாவைக் காணோம். ஃபில்டருக்குப் பின்னால் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். "எங்க அத்தைக்கா. மாப்ளயோட அம்மா. பூங்காவனம்னு பேரு" என்றாள். டம்ளருக்குப் பேரை மறைக்கத் தெரியும், முகத்தை மறைக்கத் தெரியாதே.

உள்ளேயிருந்து "பச்சையை அனுப்புங்க" என்று குரல் வந்தது. கல்பனா நகரவில்லை. ஸ்கேன் அறைக்குப் போக பெஞ்சைத் தாண்டித்தான் போக வேண்டும். மறுபடியும் "பச்சை!" என்றார்கள். வரும் வழியிலேயே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்திருந்த பூங்காவனத்தம்மா, நீல டம்ளரையும் முடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தார். "யாரும்மா அந்தப் பச்ச? போறதுன்னா போ, இல்லாங்காட்டி வழிய உடு, எனக்கு முட்டிக்கினு நிக்குது!" என்றார். அந்த நொடியில் கல்பனாவாலும் அடக்க முடியவில்லை. துப்பட்டாவை விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பூங்காவனத்தம்மாவின் கை மஞ்சள் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவரும் வீட்டில் சொல்லாமல் வந்திருக்கிறார். கல்பனா அழ ஆரம்பிக்குமுன் அவரே கேட்டார்:

"நீ எத்தினி டம்ளரும்மா?"

குழந்தை சைஸ்

"நாலு, அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். நீர்ப்பை பாதிக்கு மேல் வற்றி, பதினெட்டு மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது. டாக்டரம்மா, "இனி இதை மறந்துடு" என்று சொல்லிவிட்டார். அடுத்து உள்ளே போய் வந்த பூங்காவனத்தம்மாவின் சேதி அவ்வளவு எளிதாக இல்லை. அவருக்கு மாதவிடாய் நின்று பல வருடம் ஆகியிருந்தது. அந்த வயதில் முட்டைக்குமிழ் வளர்வதில்லை, அதனால் சினைப்பையில் எந்தப் பை தெரிந்தாலும் கூடுதல் கவனத்தோடுதான் பார்ப்பார்கள். அவருடையது தடுப்புச் சுவர்களோடு பெரிதாகவும் இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, வேலூருக்குப் போகச் சொன்னார்கள். வயிறு உப்பியிருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று அரை வருடமாக அவருக்குத் தெரியும். பையன் கல்யாணம் முடியட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கல்பனா தன் ரிப்போர்ட்டை அவரிடம் நீட்டினாள். மறைக்க இனி என்ன இருக்கிறது? அதில் இருந்த எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"நாப்பத்திரண்டா இருந்துச்சி அத்தை, இப்ப கொழந்த சைஸ் ஆயிடுச்சி. வேலூருக்கு நானும் உங்ககூட வர்றேன்."

தள்ளிப்போன தேதி

கல்யாணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. தேதி ஏன் தள்ளிப்போனது என்று பேசக் காத்திருந்த ஊர் வாய்களுக்குப் பூங்காவனத்தம்மாவே முந்திக்கொண்டு தீனி போட்டார். "எனக்குத்தான் ஆபரேஷன், சினைப்பையில பை, அதான் தேதிய மாத்தினோம்" என்று பத்திரிகை கொடுத்த வீட்டிலெல்லாம் அவரே சொன்னாராம். அந்த வயதுக்கு ஏற்றபடி இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார்கள். சோதனைக்கு அனுப்பியதில் புற்று இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தது கல்பனாவும், முறை வைத்துக்கொண்டு கல்பனாவின் அம்மாவும். அந்த அம்மா இப்போது யாராவது 'கட்டி' என்றால், "எந்த மாதிரின்னு பாத்துக்கினு அப்பறம் பேசு" என்கிறாராம்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்த எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பக்கத்து இலைக்காரர்களின் காலி டம்ளர்களைப் பார்த்துவிட்டு ஜக்கைத் தேடி எழுந்துவிட்டேன். சம்பந்திகள் இருவரும் ஒரே நேரத்தில் ஓடி வந்தார்கள். பூங்காவனத்தம்மா ஜக்கைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"இங்கயும் ஆரம்பிச்சிட்டியாம்மா? முதல்ல உக்காந்து சாப்புடு, இன்னிக்கி யாருக்கும் ஸ்கேன் இல்ல!"

இருபத்திரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி நான் கண்டறிந்தது ஒன்றுதான்: அந்த பெஞ்சில் நீர்ப்பை வைத்திருந்தவர்களைவிட, அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான் ஜாஸ்தி நெளிந்தார்கள்.