என் பெயர் எழுதிய கவர்

டாக்டர் பத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஐந்துதான் வாங்குவேன். ஐம்பதை நெருங்கும் வயதில், மாதச் சம்பளம் ஒழுங்காக வரும் ஒருவன் மருந்துக் கடையில் நின்று "பாதி போதுங்க" என்று சொல்வதைக் கேட்பவர்கள் என்னைச் சிக்கனக்காரன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிக்கனக்காரனாக இருந்தால் அதே கையோடு எதிர்க்கடைக்குப் போய், படிக்கப்போகாத புத்தகத்தை முழு விலைக்கு வாங்கமாட்டேன். இது வேறு வியாதி. இதற்கு மருந்து கிடையாது. இருந்தாலும் பாதிதான் வாங்குவேன்.

ஒன்பது வயதில் எனக்கு மூச்சிழுப்பு இருந்தது. காரைக்காலில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு. அப்பா ஜவுளிக்கடையில் விற்பனையாளர். நாள் முழுக்கப் புடவை விரித்துக் காட்டிவிட்டு வந்து, கட்டிலில் சாய்ந்து சிகரெட் பிடிப்பார். என் இழுப்புக்கு ஒரு விசேஷம் உண்டு. அது தேதி பார்த்து வரும். மாதத் தொடக்கத்தில் மற்ற பிள்ளைகளைப்போல ஓடுவேன். இருபதாம் தேதிக்கு மேல் நெஞ்சுக்குள் யாரோ ஆர்மோனியம் வாசிக்க உட்கார்ந்துவிடுவார்கள். எதிர்வீட்டு அம்மாள் அமாவாசையைச் சந்தேகப்பட்டாள். சம்பளத்தன்று வாங்கிய மருந்து இருபதோடு தீர்ந்துபோகிறது என்பது அம்மாவுக்குத் தெரியும். சொல்லமாட்டாள்.

கன்னியாஸ்திரிகள் நடத்திய டிஸ்பென்சரியில் இருந்த டாக்டரம்மா, என் சீட்டில் இருந்த தேதிகளை ஒருநாள் வரிசையாகப் பார்த்தார். "மருந்து நல்லா வேலை செய்யுது. மாசக் கடைசிதான் வேலை செய்யல. சனிக்கிழமை ரெண்டு பேரும் மதாமைப் பாருங்க" என்றார்.

மதாம், பிரான்சில் தபால் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய காரைக்கால்காரி. டிஸ்பென்சரி வராந்தாவில் ஒரு மேசை போட்டிருப்பார். உள்ளே பிள்ளைக்கு வைத்தியம், வெளியே பெற்றவர்களின் சம்பளத்துக்கு வைத்தியம்.

"தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட்டு?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ரெண்டுதாங்க மதாம்."

"அஞ்சு" என்றாள் அம்மா.

"மொதலாளி ஓசியில குடுக்குறதையும் சேத்து எண்ணுறா மதாம்."

"ஓசின்னா பொகை வராதாப்பா?"

அப்பா அவ்வளவு பணிவாகத் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. சம்பளத்தைச் செலவுவாரியாகப் பிரித்துப் போட அன்று வீட்டுக்கு ஆறு பழுப்புக் கவர்கள் வந்தன. சமையலறைக் கொடியில் துணிக் கிளிப் மாட்டி அம்மா தொங்கவிட்டாள். புடவைக்கு விலைச்சீட்டு எழுதும் அழகான கையெழுத்தில் அப்பா எழுதினார்: வாடகை, அரிசி, பள்ளிக்கூடம், மொய், சிகரெட்டும் சினிமாவும். எல்லாவற்றுக்கும் முதலில் தொங்கிய மருந்துக் கவரில் என் பெயர்.

அடுத்த சனிக்கிழமை என்னை விளையாடப் போகச் சொன்னார்கள். நான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் விளையாடினேன். மதாம் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது. "எந்தக் கவரைக் கிழிக்கிறதுன்னு நீங்க ரெண்டு பேரும்தான் முடிவு பண்ணணும். நான் சொல்லமாட்டேன்."

அன்று மாலையே சிகரெட் கவரை அப்பா கிழித்தார். மறுவாரம் மொய்க் கவர் காணாமல் போயிற்று. வரிசை அந்தக் கோடியிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. இந்தக் கோடியில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். இருந்த கவர்களில் அரிசியைவிட நான்தான் தடியாகத் தெரிந்தேன். கணக்கில் நான் வகுப்பிலேயே முதல். என் முறை வர மூன்று வாரம் இருந்தது.

முன்பெல்லாம் மாதக் கடைசியில் அப்பாவும் அம்மாவும் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு பங்கு விழும். இப்போது இருவரும் கவர்களுக்குக் கீழே தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். சண்டை போட்டபோதாவது மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம்.

செலவில்லாத பிள்ளையாகிவிடுவது என்று முடிவெடுத்தேன். தினமும் மாத்திரையை பிளேடால் பாதியாக வெட்டி, ஒரு பாதியை விழுங்கிவிட்டு மற்றதைக் காலிப் பவுடர் டப்பாவில் போட்டேன். இழுப்பு வந்தால் அரசலாற்றங்கரைக்குப் போய்விடுவேன். அங்கே கிளம்பும் படகுகளின் என்ஜின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே கேட்காது. மார்பு அடங்கும்வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓட முடியாதவனை விளையாட்டில் எந்தக் கட்சியிலும் சேர்ப்பதில்லை என்பதால் என்னைத் தேடிக்கொண்டு யாரும் வந்ததில்லை.

"எங்கடா போனே?" என்பாள் அம்மா.

"வெளையாட."

பதினெட்டுப் பாதிகள் சேர்ந்ததும் டப்பாவோடு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அவற்றைக் கண்ணாடி மேல் கொட்டிப் பார்த்தார்.

"என்னடா இது?"

"திருப்பி எடுத்துக்குங்கண்ணே. மொத்தம் ஒம்பது முழுசு."

"எலி கடிச்ச மாதிரி இருக்கு. இத எவன்டா வாங்குவான்?"

"கடிக்கலண்ணே, பிளேடுல வெட்டுனது. காச அப்பாகிட்டயே குடுத்துடுங்க. என் கவரக் கிழிக்க வேணாம்னு…"

வாக்கியத்தை முடிக்க மூச்சு போதவில்லை. என்ஜின் சத்தம் இல்லாத இடத்தில் ஆர்மோனியம் நன்றாகவே கேட்டது. கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்து, ஜவுளிக்கடைக்கு ஆளனுப்பினார். அப்பா செருப்பில்லாமல் ஓடி வந்தார். தோளில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்த புடவை.

டிஸ்பென்சரியிலிருந்து திரும்பிய பிறகு அம்மா பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்தாள். முதுகில் ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை அப்படியே என் முதுகில் தங்கிவிட்டது. அப்பா என் கவரைத் தொட்டு, பிறகு காலியாகத் தொங்கிய கிளிப்பைக் காட்டி, "இதுக்குத்தாண்டா அதக் கிழிச்சேன்" என்றார். என் முறை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இருபதாம் தேதி தாண்டியும் வீட்டில் மாத்திரை இருந்தது. கட்டில் பக்கம் புகைவாடை இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் இழுப்பு என்னை மறந்தேபோயிற்று. பயந்து பயந்து நானாகவே குணமாகிவிட்டேன் என்று பல வருடம் நம்பினேன். முதலில் தொங்குகிற கவர் முதலில் நிரப்பப்படுகிற கவர், அதைத் தொடக்கூடாது என்பதற்காகத்தான் மற்றவை கிழிந்தன என்பது அந்தக் கணக்குப் புலிக்கு எட்டவே இல்லை.

அப்பா போய் நான்கு வருடமாகிறது. போன கிறிஸ்துமஸுக்கு இதையெல்லாம் அம்மாவிடம் முதல்முறையாகச் சொன்னேன். என்ன நடந்தாலும் நீங்கள் அந்த ஒரு கவரைத் தொடவில்லையே என்றேன்.

அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.

"யாரு சொன்னா? ரெண்டு மாசம் மண்ணெண்ணெய்க்கு அதுலேர்ந்துதான் எடுத்தேன். மதாமுக்குத் தெரியாது. நீ பாட்டுக்கு எங்கயாவது எழுதிவச்சுத் தொலைக்காத."