கம்பிவேலிக்கு நடுவே ஒரு குதிரைவாலிக் காடு

மாரிக்கனி என் கடைக்கு விதை வாங்க வந்த அன்று, படியில் ஏறாமல் கொஞ்ச நேரம் வெளியிலேயே நின்றார். திருச்சுழியில் விதையும் உரமும் விற்கிறவன் நான். அந்த அம்மா குடும்பத்தில் யாரும் விதைக்குக் கடை ஏறியதில்லை என்பது எனக்குத் தெரியும். போன வெள்ளாமையிலிருந்து எடுத்து வைப்பதுதான் அவர்கள் வழக்கம்.

"குதிரைவாலி, ரெண்டு ஏக்கருக்குக் குடுங்க. எடுத்து வைக்க ஒண்ணும் மிஞ்சல," என்றார்.

"மழ நல்லாத்தான பெஞ்சுச்சு?"

"பெஞ்சு என்ன செய்ய? ஊருக் குருவி பூராவும் என் ஒரு காட்டுலதான் எறங்குது."

எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். புரட்டாசியில் மழை விழுந்ததும் ஊரே சேர்ந்து விதைத்துவிடும். ஏதோ பெரிய ஒற்றுமை என்று நினைத்துவிட வேண்டாம்; குருவிக்குப் பயந்துதான். எல்லாக் காட்டிலும் கதிர் பிடித்தால் ஆளுக்கு ஒரு படி போகும். ஒரே காட்டில் பிடித்தால் அந்த ஒருத்தர் போண்டி. இப்போது மாரிக்கனியின் ஊரில் விதைக்கிற காடு அவருடையது மட்டும்தான். மற்றதெல்லாம் சோலார் கம்பெனியின் கண்ணாடிப் பலகைகள்.

கம்பெனியைத் திட்ட எனக்கும் ஆசைதான். என் வியாபாரத்தில் பாதி அதோடு போனது. ஆனால் வயிற்றெரிச்சல் வேறு, நியாயம் வேறு. கருவேலம் மண்டிக் கிடந்த தரிசுக்கும் நல்ல விலை கிடைத்தது. துணை மின்நிலையம் வந்தது. தார்ச்சாலை வந்தது. மழைக்காலத்திலும் பஸ் போகிறது. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்த ஊர் அது. இதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? மாரிக்கனியும் சொன்னதில்லை.

பிறகு ஏன் விற்கவில்லை? அங்கேதான் எங்கள் ஆட்களுக்கே உரிய கிறுக்குத்தனம் வருகிறது.

கணவர் இறந்தபின் காட்டை மாரிக்கனிதான் பார்த்து வந்தார். ஒட்டிய காடு கொழுந்தன் ஜெகதீஸ்வரனுடையது. மாரிக்கனி தன் மகள் செல்வலட்சுமியின் கல்யாணப் பத்திரிகையை நேரில் போய் வைக்காமல், வேலை மும்முரத்தில் இன்னொருவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். நான் என்ன அசலாளா என்று கொழுந்தன் கல்யாணத்துக்கே வரவில்லை. அதோடு பேச்சு நின்றது. மகள் கோயம்புத்தூர் போய்விட, வீட்டில் மாரிக்கனி மட்டும்.

கம்பெனி புரோக்கர் வந்தபோது மாரிக்கனிக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒருவர் காட்டை விற்கும்முன் பக்கத்துப் பங்காளியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அது முறை. எப்படியும் கொழுந்தன் வந்தாக வேண்டும். வந்தால் காபி போட்டுக் கொடுத்து, பழசை மறந்து, இருவரும் சேர்ந்தே கையெழுத்துப் போடலாம். அதனால் புரோக்கர் வரும்போதெல்லாம் "பாப்போம்" என்றே அனுப்பினார். விலை ஏற்றுகிறார் என்று ஊர் பேசியது.

அங்கே ஜெகதீஸ்வரனோ, மூத்தவர் மதினிதானே, அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, கேட்காமலே எழுதிக் கொடுத்தார். கம்பெனிக்கு வேண்டிய இடம் சேர்ந்துவிட்டது. மாரிக்கனியின் காட்டுக்கு ஒரு பாதையை மட்டும் விட்டு, மூன்று பக்கமும் கம்பிவேலி போட்டார்கள். மாரிக்கனியே கம்பெனியில் போய்க் கேட்டபோது, இனி நிலம் தேவையில்லை என்றார்கள்.

"கொழுந்தன் வந்து ஒரு வார்த்த கேப்பாகன்னு இருந்தேன்," என்றார் என்னிடம். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

என்னிடம் விதை வாங்கிப் போய் அந்த வருடமும் விதைத்தார். கதிர் பிடித்ததும் தகரத்தைத் தட்டிக்கொண்டு தனியாகக் காவல் இருந்தார். முன்பெல்லாம் பக்கத்துக் காட்டுக்காரர்கள் மாறி மாறிக் கத்துவார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது அவர் ஒரு மூலைக்கு ஓடினால் குருவி மறு மூலையில் இறங்கும். மயில் அவரைக் கண்டு நகர்வதுகூட இல்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் குருவியை வைதுகொண்டே பொழுது போனது.

தை மாதம் நடந்ததை ஜெகதீஸ்வரனே என்னிடம் சொன்னார். அவர் இப்போது அதே கம்பெனியில் வாட்ச்மேன். தான் விற்ற காட்டையே சீருடை போட்டுக் காவல் காக்கிறார். மாரிக்கனி எஞ்சிய கதிரை அறுத்து, பழக்க தோஷத்தில் ஒரே கட்டாகக் கட்டிவிட்டார். தலைச்சுமை ஏற்ற இன்னொரு கை வேண்டும். முழங்காலில் முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பார்த்தார், கட்டு சரிந்தது. சுற்றிலும் பார்த்தார். கண்ணாடிப் பலகைகளுக்கு நடுவே, ஆள் என்று வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் மட்டும்தான்.

"மதினி, இருங்க. கேட் வழியாச் சுத்தி வாரேன்," என்றார் அவர். சண்டைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அது.

மாரிக்கனி கம்பத்தில் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார். வேலை நேரத்தில் இடத்தைவிட்டு நகர்ந்த ஒருவரைக் கம்பெனி அப்போதுதான் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தது. ஊருக்கே தெரியும்.

"வேணாம். அங்கனயே நில்லுங்க. கேமரா பாக்குது, வேல போயிரும்."

அவர் நின்றார். மாரிக்கனி கட்டை அவிழ்த்து, தன்னால் தூக்க முடிகிற அளவுக்குச் சின்னச் சின்னதாகக் கட்டினார். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்ப் பாதையில் வைத்தார். கடைசிக் கட்டைத் தூக்குமுன் வேலிப் பக்கம் திரும்பி, "சாப்டீகளா?" என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னாராம் ஜெகதீஸ்வரன்.

"இல்லைன்னு சொன்னா கஞ்சியத் தூக்கிட்டு வேலிக்கிட்ட வந்துருவாக," என்றார் என்னிடம். "கிட்ட வந்தா நான் அழுதுருவேன்."