மூங்கில் கம்பங்களுக்கு நடுவே

பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் கால்பந்து அணிக்கு அவர்தான் கோல்கீப்பர். ஒல்லியான உயரம், வளைந்துபோன இடது சுண்டுவிரல். தை அறுவடை முடிந்த கழனிதான் எங்கள் மைதானம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் இரண்டு மூங்கில் கம்பங்களுக்கு நடுவே குதிகாலும் விரலும் ஒட்ட அடி வைத்து கோலை அளப்பார். நேற்று அளந்திருந்தாலும் இன்று விடமாட்டார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பாண்டிச்சேரி லீக்கில் சேர அழைப்பு வந்தது. அங்கே ஜெயித்தால் படிப்படியாக ஏறி நாடு முழுக்க ஆடலாம் என்றார்கள். செயலாளராக இருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்தான் தயங்கினார்.

“அங்க ஆட்டம் ஆவணியில. அப்ப நம்ம கழனியில நடவுபா. எல்லா மேட்ச்சும் டவுன்லதான். நம்ம ஜனம் அங்க வருமா?”

“ஜெயிச்சா வரும்ணே.”

“தோத்தா?”

மறுநாளே விண்ணப்பத்தை அனுப்பினேன். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஊரிலிருந்து ஒருவரும் பார்க்க வரவில்லை. நன்றாக ஆடிய இருவரை டவுன் அணிகள் இழுத்துக்கொண்டன. மற்றவர்கள் பந்தைத் தொடுவதையே விட்டுவிட்டார்கள்.

அடுத்த அறுவடைக்குப் பிறகு கம்பம் நட ஆளில்லை. ஒரு மாலை அந்தப் பக்கம் போனேன். அறுத்த நெல்தாளுக்கு நடுவே அவர் தனியாக அடி வைத்து அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாதியில் நிறுத்தி, “மாட்டத் தேடி வந்தேன்பா” என்றார்.

அவரிடம் மாடு இருந்ததே இல்லை.