அடுத்தவர் வீட்டுச் சமையலறையில்

ஜானீன் ஃபெக்டோவிடம் யாரும் ஒரு விஷயத்தைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "அப்படியா? ஏன்?" என்று கேட்பாள். பதில் சொன்னால் அந்தப் பதிலுக்கும் ஒரு ஏன் இருக்கும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் இதற்காகவே அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மரலாரி ஓட்டிய கணவன் அர்மாண்ட், "உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு தினமும் சாட்சிக் கூண்டுல ஏறியிருக்கலாம்டி" என்று சிரிப்பான். அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தபோது மருத்துவரை உட்காரவைத்து அவள் கேட்ட கேள்விகளில் அந்த மனிதருக்கே வியர்த்துவிட்டதாம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், வடகிழக்கு மூலையில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் இருந்தாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, சூப் வைத்துத் தருவது வேலை. வழுக்குகிற மண்சாலைகளில் பழைய சுபாரு காரை ஓட்டிக்கொண்டு, குளிர்காலம் முழுக்க அடுத்தவர் சமையலறைகளில்தான் அவள் வாழ்க்கை. எந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று ஆல்டன் பெர்லியுடையது. பால்பண்ணையை விற்றுவிட்டுப் படுக்கையில் விழுந்த கிழவர். புற்றுநோய். அவரோடு தங்கியிருந்தவன் தங்கை மகன் கர்டிஸ். நல்ல நாளில் விறகு பிளந்து அடுக்கித் தருவான். கெட்ட நாளில் அவன் கண்கள் மாமாவின் வலி மாத்திரை டப்பாவை விட்டு நகராது.

ஒரு பிப்ரவரி மத்தியானம் கெட்ட நாளாக அமைந்தது. ஜானீன் அடுப்பில் பட்டாணி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். மாத்திரை டப்பா அவள் ஏப்ரன் பையில். கர்டிஸ் தள்ளாடிக்கொண்டே வந்து கையை நீட்டினான்.

"குடு அதை."

"உங்க மாமாவோடது, கர்டிஸ். போய்ப் படு."

"இது என் வீடு. குடுத்துட்டு வெளியே போடி."

அவள் நகரவில்லை. பக்கத்து அறையில் பெர்லி முனகுவது கேட்டது. கர்டிஸ் அவள் கழுத்தைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியோடு அழுத்தினான். காந்தத்தில் ஒட்டியிருந்த பழைய கிறிஸ்துமஸ் அட்டைகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மூச்சு அடைத்தது. கைக்கு எட்டியது அடுப்பின் மேலிருந்த வார்ப்பிரும்பு வாணலி. ஒரே போடு. அவன் தோள்பட்டை எலும்பு உடைந்தது.

பிறகு நடந்ததுதான் அவளை அதிர வைத்தது. வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் கேட்டார்: "பின்கதவு திறந்துதானே இருந்தது? ஏன் போகல?"

"உள்ளே பெர்லி இருந்தாரே."

"அவர் அங்க குடியிருக்கறவர். நீங்க போயிருக்கலாம் இல்லையா?"

ஓட வழி இருந்தும் ஓடாமல் அடித்தாள் என்று அரசு வழக்கறிஞர் அவள்மேல் வழக்குப் பதிந்தார். வீடுகளுக்கு அனுப்பும் ஏஜென்சி அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. இலையுதிர்காலம் வந்து மலையெல்லாம் சிவந்து உதிர்ந்த பிறகுதான் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். அதற்குள் பெர்லி இறந்துபோயிருந்தார். சவ அடக்கத்துக்கும் அவளால் போக முடியவில்லை. கர்டிஸுக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று நீதிமன்ற நிபந்தனை.

பக்கத்துப் பண்ணை வெண்டல் ஸ்டாடர்ட் மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறவர். வேட்டைக்காரர் சங்கத்தில் முக்கியப் புள்ளி. வழக்கு முடிந்த பிறகு, ஜனவரியில், அவள் வீட்டு வாசலில் பூட்ஸைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"மான்ட்பீலியர்ல, சட்டமன்றத்துல ஒரு மசோதா வந்திருக்கு. தற்காப்புச் சட்டம். தன் வீட்டுல இருக்கறவன் ஓடி ஒளிய வேண்டாம், எதிர்த்து நிக்கலாம்னு. சங்கத்துலேருந்து பஸ் பிடிச்சுப் போறோம். நீ வந்து பேசு, ஜானீன். நாங்க நூறு பேர் பேசறதும் நீ ஒருத்தி பேசறதும் ஒண்ணாகாது."

"அந்த மசோதாவை நீங்க படிச்சீங்களா?"

வெண்டல் தாடியைச் சொறிந்தார். "சாராம்சம் தெரியும்."

"சாராம்சத்தை யார் சொன்னது?"

"அட, ஆரம்பிச்சிட்டியா! வர்றியா, இல்லையா?"

வந்தாள். இத்தனை வருஷமாக இந்த மாநிலத்தில் இருந்தும் தலைநகரத்துச் சட்டமன்றத்தின் அந்தப் பொன் கோபுரத்துக்குள் அவள் நுழைந்ததில்லை. சட்டம் என்பது எங்கோ இருக்கிறவர்கள் எழுதி அனுப்புவது என்றே நினைத்திருந்தாள். உள்ளே போனால் பள்ளிக்கூட வராண்டா மாதிரி இருந்தது. பனி பூட்ஸோடு விவசாயிகள், கைக்குழந்தையோடு ஒருத்தி, பின்னல் ஊசிகளோடு நாலைந்து பேர். பச்சைக் கோட்டுப் போட்ட காவலாளி ஒருவர் யார் கேட்டாலும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். வெண்டலின் ஆட்கள் ஆரஞ்சு நிற வேட்டைத் தொப்பிகளோடு ஒரு பக்கம். மசோதாவை எதிர்க்கிறவர்கள் ஊதாக் கழுத்துத்துணிகளோடு மறுபக்கம். மசோதா மேலான விசாரணை மத்தியானம்தான்.

"சட்டத்தை எழுதறது யாரு?" என்று பச்சைக் கோட்டுக்காரரிடம் கேட்டாள் ஜானீன்.

"உறுப்பினர்கள்தான்."

"இல்ல. பேனாவைப் பிடிச்சு வரி வரியா எழுதறது?"

அவர் சிரித்துவிட்டார். "அதை யாரும் கேட்டதில்ல. அதோ, சிவப்புக் கண்ணாடி போட்டிருக்காங்களே, டெப்ரா ஹோல்கோம். சட்டமன்ற வழக்கறிஞர்."

டெப்ரா கையில் காகிதக் கத்தையோடு படியேறிக்கொண்டிருந்தாள். ஜானீன் பின்னாலேயே ஏறினாள். "அம்மா, ஒரு நிமிஷம். இந்த மசோதா எனக்கு எப்படி உதவும்னு சொல்ல முடியுமா? நான் ஒருத்தனை வாணலியால அடிச்சேன்."

டெப்ரா நின்றாள். படியிலேயே உட்கார்ந்தாள். ஜானீனும் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். டெப்ரா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

"நான் எந்தப் பக்கமும் இல்லை. எழுதித் தர்றது மட்டும்தான் என் வேலை. ஆனா நீங்க கேட்டதால சொல்றேன். அது யாரோட வீடு?"

"பெர்லியோடது."

"கர்டிஸும் அங்க குடியிருந்தானா?"

"ஆமா."

"அவன் உங்களை வெளியே போகச் சொன்னானா?"

"ஆமா. வெளியே போடின்னான்."

"இந்த மசோதா, தன் வீட்டுல இருக்கறவனைத்தான் காப்பாத்துது," என்றாள் டெப்ரா மெதுவாக. "வெளியே போகச் சொல்லியும் போகாம நிக்கற ஆள் மேல அவன் கை வெச்சா, பயத்துல செஞ்சான்னு எடுத்துக்கணும்னு எழுதியிருக்கு. இன்னிக்கு எழுதியிருக்கறபடி பார்த்தா, இதைக் காட்டிப் பேசப்போறது அவனோட வக்கீல்தான். உங்களுக்கு இதுல ஒரு வரியும் இல்லை."

ஜானீன் அவள் கையிலிருந்த காகிதக் கத்தையை வாங்கிப் புரட்டினாள். கடைசியில், "அப்போ நான் யாரு? அந்த வீட்டுல?" என்றாள்.

"அதுக்குத்தான் இன்னும் யாரும் வார்த்தை எழுதல."

கேன்டீனில் உட்கார இடமில்லை. கட்சிக்காரர்கள், உறுப்பினர்கள், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே தட்டு, ஒரே வரிசை. சீஸ் மக்ரோனியை வாங்கிக்கொண்டு ஒரு காலி நாற்காலியைப் பிடித்தாள். எதிரே ஊதாத் துணிக்காரி ஒருத்தி. பெயர் கோரா லிட்டில்ஃபீல்ட் என்றாள். ஜானீனின் கையிலிருந்த ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்துவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் கடிக்கமாட்டேன்," என்றாள் ஜானீன்.

"உங்க ஆளுங்க சிலபேர் கடிப்பாங்க."

"நீங்க ஏன் வேண்டாங்கறீங்க?"

கோரா அவளை அளந்து பார்த்தாள். வம்புக்கு இழுக்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று. பிறகு சொன்னாள். அவள் மகன் பனிப்புயலில் கார் பள்ளத்தில் இறங்கி, வெளிச்சம் தெரிந்த முதல் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளிருந்தவர் கதவு வழியாகவே சுட்டார். பையன் பிழைத்தான். ஒரு கால் இல்லை.

"சுட்டவர் கெட்டவரா?"

"இல்லை," என்றாள் கோரா. "அதுதான் கொடுமை. பயந்துட்டார். மாசாமாசம் வந்து என் பையனைப் பார்க்கறார். அவர் பயந்ததுக்கு இந்த மசோதா ஒரு ரசீது குடுத்துடும். அப்புறம் கதவைத் திறந்து பார்க்கணும்னு யாருக்குத் தோணும்?"

ஜானீன் தன் கதையைச் சொன்னாள். கோரா மக்ரோனியை மறந்தாள். "நீ அந்தப் பின்கதவு வழியா போயிருந்தா?"

"டப்பாவை அவன் பிடுங்கியிருப்பான். கிழவர் வலியில கத்தியிருப்பார். என் வேலையே அவரை விட்டுப் போகாம இருக்கறதுதான்."

"இதைச் சொல்லு," என்றாள் கோரா.

"சொன்னா எங்க ஆளுங்க என்னை பஸ்ஸுல ஏத்தமாட்டாங்க."

"நான் கார்லதான் வந்தேன்."

விசாரணை அறை ரொம்பச் சின்னது. உறுப்பினர்கள் மேஜையைச் சுற்றி, மற்றவர்கள் சுவரோரமாக முழங்கால் முழங்காலை இடிக்க. குழுத் தலைவி லுசிண்டா மார்ஷ், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வெண்டல் பேசினார். நன்றாகவே பேசினார். போலீஸ் வந்து சேர முக்கால் மணி நேரமாகும் மலைப்பாதையில் ஒரு மனிதன் வேறென்ன செய்ய முடியும் என்று அவர் கேட்டபோது ஊதாத் துணிக்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள். பிறகு, "இதோ எங்க ஜானீன் சொல்லுவா" என்று உட்கார்ந்தார்.

ஜானீன் எழுந்தாள். கர்டிஸ், வாணலி, பின்கதவு எல்லாவற்றையும் சொன்னாள். ஆரஞ்சுத் தொப்பிகள் நிமிர்ந்து உட்கார்ந்தன. அவள் நிறுத்திவிட்டு வெண்டலைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க, வெண்டல். காலையில படியில உட்கார்ந்து தெரிஞ்சுக்கிட்டேன். இந்த மசோதா என் கழுத்தைப் பிடிச்சவனைத்தான் காப்பாத்துது. ஏன்னா அது அவன் வீடு. நான் அங்க வேலைக்குப் போனவ. எதிர்த்து நிக்கற உரிமை வேணும்னு நான் கேக்கல. படுக்கையில கிடக்கறவரை விட்டுட்டு ஓடுன்னு என்னைச் சொல்லாதீங்க. அவ்வளவுதான்."

லுசிண்டா மார்ஷ் டெப்ராவைப் பார்த்தார். "அப்படித்தானா?"

"அப்படித்தான்," என்றாள் டெப்ரா.

ஓர் உறுப்பினர், தாடி வைத்த பால்பண்ணைக்காரர், "அவங்க சொல்ற மாதிரி ஆளுங்க எத்தனை பேர் இருப்பாங்க?" என்று கேட்டார். ஜானீன் தெரியாது என்றாள். அவரும் தெரியாது என்றார். அதோடு கூட்டம் முடிந்தது.

பஸ்ஸில் ஏற்றினார்கள். ஆனால் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. பின்னாலிருந்து ஒருவன், "வாணலியால நம்ம தலையிலயும் ஒண்ணு போட்டுட்டா" என்றான். சிரிப்பு எழுந்தது. வெண்டல் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது குட்நைட் மட்டும் சொன்னார்.

அந்த வருஷம் மசோதா குழுவிலேயே செத்தது. அவளால்தான் என்று சிலர் சொன்னார்கள். அதற்கு வேறு பத்துக் காரணம் இருந்தது, ஆனாலும் தீவனக் கடையில் சிலர் அவளைப் பார்த்தால் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அது அவளுக்கு வலித்தது. அர்மாண்டின் சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் அவர்களில் இருவர்.

மார்ச்சில், சாலையெல்லாம் சேறாகி, பாகு காய்ச்சும் கொட்டகைகளில் ஆவி கிளம்பிய நாட்களில், வெண்டல் கூப்பிட்டனுப்பினார். கொப்பரைக்குப் பக்கத்தில் ஸ்டூலைக் காட்டினார். சூடான பாகை ஒரு கரண்டி பனிமேல் ஊற்றி, உப்பு ஊறுகாயோடு கொடுத்தார். சமாதானத்துக்கு அங்கே இதைவிடப் பெரிய சடங்கு கிடையாது.

"உன்மேல கோவம்தான்," என்றார். "இப்பவும் இருக்கு."

"தெரியும்."

"எங்கம்மாவைப் பார்த்துக்க வருவாளே ஒரு பொண்ணு, ஷெல்பி. அவளைக் கேட்டேன். 'உன்னை யாராவது எப்பவாவது...' அப்படின்னு. சொல்லத் தொடங்கினவ ஒரு மணி நேரம் நிறுத்தல, ஜானீன். எங்க வீட்டுச் சமையலறையில உட்கார்ந்து." கொப்பரையைக் கிளறினார். "நீ அன்னிக்குக் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் தனி மசோதாவா கொண்டுபோனா என்ன?"

அப்படித்தான் தொடங்கியது. அடுத்த குளிர்காலம், அதற்கடுத்த குளிர்காலம், விடுமுறை கிடைத்த நாளெல்லாம் ஜானீன் மான்ட்பீலியருக்குப் போனாள். ஷெல்பியும் வந்தாள். கோரா தன் கார் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தாள். பெரிய மசோதாவுக்கு அவள் கடைசிவரை எதிரிதான், வெண்டல் கடைசிவரை ஆதரவுதான். வழியெல்லாம் இருவரும் சண்டை போடுவார்கள், கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சண்டையைத் தொடர்வார்கள். சின்ன மசோதாவுக்கு மட்டும் இருவரும் ஒரே பக்கம். டெப்ரா எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். "பராமரிப்பவர்" என்ற சொல்லுக்குள் யார் யார் வருவார்கள் என்று ஒரு முழு மத்தியானம் பேசினார்கள். பணம் வாங்காமல் பார்த்துக்கொள்ளும் பேத்தி வருவாளா? பக்கத்து வீட்டுக்காரி? ஜானீனுக்கு அந்த மத்தியானம் திருவிழா போல இருந்தது.

மூன்றாவது வசந்தத்தில், பிறர் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர், அவரைக் கைவிட்டு ஓட வேண்டிய கட்டாயமில்லை என்ற இரண்டே வரிகள் நிறைவேறின. ஜானீன் அப்போது ஒரு கிழவியின் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். வெண்டல் போனில் கத்தினார்.

"ஜெயிச்சுட்டோம்! கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. கண்ணுல சோப்பு போகுது, இருங்க." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டாள். கண் கலங்கியது. அதை அவரிடம் சொல்லவில்லை. "எதிர்த்து யாராவது ஓட்டுப் போட்டாங்களா?"

"கொஞ்சபேர். அந்தத் தாடிக்கார பால்பண்ணைக்காரரும்."

"ஏனாம்?"

"யாருக்குத் தெரியும்! இப்போ அது எதுக்கு?"

அடுத்த வாரம் அவள் தனியாகவே போனாள். கேன்டீனில் அந்தத் தாடிக்காரர் சூப்பில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே போய் நின்றாள். அவர் அடையாளம் கண்டு, கொஞ்சம் சங்கடத்தோடு எழப் பார்த்தார்.

"உட்காருங்க, உட்காருங்க. திட்ட வரல," என்று தட்டை வைத்தாள் ஜானீன். "நீங்க ஏன் வேண்டாம்னு சொன்னீங்கன்னு கேக்கலாம்னு வந்தேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். சொல்ல ஆரம்பித்தார். சூப் ஆறியது.